மைசூரு நகரில் குடிக்கூலி: நிலம், வழக்கம், சட்டம்

முன்னுரை

ஒரு நகரத்தின் வரலாற்றை அரண்மனை, கோயில், கல்வி நிலையம் ஆகியவற்றை முன்னிறுத்தி எழுதுதல் பெருவழக்கு. அந்நகரில் சொந்த வீடின்றிக் குடியிருந்தோரின் வரலாறு அவற்றுள் இடம்பெறுவது அரிது. மைசூரு தமிழாய்வாளர்க்குப் புதிய ஊர் அன்று. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் இங்கு நிறுவப்பெற்றது. செம்மொழித் தமிழாய்வுப் பணி 2008இல் சென்னைக்கு மாறும்வரை இந்நிறுவனத்திலேயே நடைபெற்றது. இப்பணிகளின்பொருட்டு வந்து தங்கிய தமிழர் பலரும் இந்நகரின் வாடகைக் குடியினரே. அவர்கள் செலுத்திய வாடகை எவற்றால் தீர்மானிக்கப்பெற்றது என்பதை நிலம், வழக்கம், சட்டம் என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

வீட்டிற்கு மாதந்தோறும் தரும் பணத்தைக் குறிக்கத் தமிழில் வாடகை, குடிக்கூலி என இரு சொற்கள் உள. வாடகை என்பது 'பாடக' என்னும் வடசொல்லின் வழிவந்தது. கன்னடத்தில் அது 'பாடிகெ' என வழங்குகிறது. குடிக்கூலி என்பது குடியிருப்பதற்குத் தரும் கூலி என வெளிப்படையாகவே பொருள் தருவது. ஒரு முற்றத்தைச் சூழ்ந்து, குழாயும் கழிப்பிடமும் பொதுவாக அமைய, சிறு சிறு வீடுகளில் பல குடும்பங்கள் வாழும் அமைப்பைக் கன்னடர் 'வடார' என்பர். தமிழின் 'வட்டாரம்' இதனோடு ஒலியால் நெருங்கினும் பொருளால் வேறுபட்டது. தமிழ்நாட்டில் இதற்கு நிகரானது ஒண்டுக்குடித்தனமே. குறைந்த வருவாயுடையோர்க்கு நகரின் நடுவே இடம் தந்தது இவ்வமைப்பு என்பது கருதத்தக்கது.

நிலமும் மனையும்

1891இல் 74,048 ஆக இருந்த மைசூர் நகரின் மக்கள்தொகை 1901இல் 68,111 ஆகக் குறைந்தது. 1898முதல் மைசூர் அரசில் பரவிய பிளேக் நோய் இக்குறைவிற்கு ஒரு முதன்மைக் காரணமாகும். நெருக்கமான வீடுகளே நோய்க்கு இடம் என்னும் கருத்து அரசை நகரமைப்பில் தலையிடச் செய்தது. பம்பாயில் 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. மைசூரில் 1903இல் நகர மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பெற்றது. கல்கத்தா இவ்வகையில் மைசூருக்குப் பிந்தியதே. லஷ்கர் மொகல்லா, மண்டி மொகல்லா என வழங்கிய பழைய பகுதிகளுக்கு அப்பால் ஜயலட்சுமிபுரம், சரஸ்வதிபுரம் முதலிய விரிவாக்கங்கள் பின்னர் எழுந்தன.

கழகத்தின் முதன்மைப் பணி மனை பிரித்து வழங்குதல். மனை பெற்றோர் வீடு கட்டினர். கீழ்த்தளத்தில் தாம் வாழ்ந்து மாடியை வாடகைக்கு விட்டோர் பலர். எனவே விரிவாக்கப் பகுதிகளில் வீட்டு உரிமையாளர் என்போர் பெருமுதலாளிகள் அல்லர். பெரும்பாலும் மாத ஊதியத்தாரும் ஓய்வூதியத்தாருமே. வாடகைச் சிக்கலை உடையார் இல்லார் என்னும் எளிய எதிர்வாக மட்டும் காண இயலாமைக்கு இதுவே காரணம். பல்கலைக்கழகம் (1916), நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் (1950), இன்போசிஸ் பயிற்சி வளாகம் (2005) என ஒவ்வொரு நிறுவனமும் வெளியூராரைக் கொணர்ந்தபோது வாடகை வீட்டிற்கான தேவையும் பெருகியது.

போக்கியம்

மாத வாடகையின்றி ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் ஒப்படைத்துக் குடியிருந்து, வெளியேறுங்கால் அத்தொகையை முழுமையாகத் திரும்பப் பெறும் முறை இங்குப் போக்கியம் எனப்படும். தமிழக வழக்கில் இது ஒத்தி. கல்வெட்டுகளில் பயிலும் 'ஒற்றி' என்னும் சொல்லோடு இது தொடர்புடையது. இம்முறையில் தொகையின் வட்டியே வாடகையாகிறது. சான்றாக, 6 லட்சம் ரூபாய்க்கு ஆண்டிற்கு 8 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் 48,000 ரூபாய், அதாவது மாதம் 4,000 ரூபாய் வாடகைக்கு ஈடாகும். வட்டி 6 விழுக்காடாகக் குறையின் அதே வாடகைக்கு 8 லட்சம் தேவைப்படும். வட்டி வீழும்போது போக்கியத் தொகை உயர்வதன் காரணம் இதுவே. சேமிப்புடையார்க்கு இது நன்மை. சேமிப்பில்லார்க்கு இவ்வாயில் அடைபட்டதே. உரிமையாளரின் கடன் முறியுமாயின் குடியிருப்போரின் முதலும் இடருக்குள்ளாகும்.

சட்டம்

முதல் உலகப் போரின்போது பம்பாயிலும் (1918), இரண்டாம் உலகப் போரின்போது பிற நகரங்களிலும் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. மைசூர் அரசு 1951இல் வீட்டு வாடகை மற்றும் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. மாநில மறுசீரமைப்பிற்குப் பின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. காலியாகும் வீட்டைக் கட்டுப்பாட்டு அலுவலர்க்கு அறிவித்தல், அவர் அதனை ஒதுக்குதல், நியாய வாடகை வரையறுத்தல், காரணமின்றி வெளியேற்றத் தடை ஆகியன இதன் கூறுகள். குடியிருப்போர்க்கு இச்சட்டம் அரணாயிற்று. ஆயின் விலைவாசிக்கேற்ப உயராத வாடகை பழுதுபார்ப்பைத் தளர்த்தியது; புதிதாக வாடகைக்கு விடுவோரையும் தயங்கச் செய்தது. பம்பாயில் இவ்வாறு உறைந்து நின்ற வாடகை நியாயமற்றது என உச்ச நீதிமன்றம் 1997இல் மல்பே விசுவநாத் ஆச்சார்யா வழக்கில் கருத்துரைத்தது.

கர்நாடக வாடகைச் சட்டம், 1999, 2001 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்தது. கட்டுமானச் செலவையும், கட்டத் தொடங்கிய நாளின் நிலமதிப்பையும் கூட்டி, அதில் ஆண்டிற்கு 10 விழுக்காடு திட்ட வாடகை என அது வகுத்தது. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பிற்கு 9 விழுக்காடு என்றமை ஒப்புநோக்கத்தக்கது. எனினும், இடத்திற்கேற்ப மாதம் 3,500 அல்லது 2,000 ரூபாயை மிஞ்சும் வாடகை வீடுகளை 1999ஆம் ஆண்டுச் சட்டம் தன் எல்லையிலிருந்து விலக்கியது. இதன் விளைவை அச்சட்டத்தின் கணக்கைக் கொண்டே அறியலாம். மாதம் 3,500 எனில் ஆண்டிற்கு 42,000. அது 10 விழுக்காடாக அமைய நிலமும் கட்டுமானமும் சேர்ந்து 4,20,000 ரூபாயை மிஞ்சலாகாது. 2,000 ரூபாய்க்கு அது 2,40,000 மட்டுமே. பழைய வடார வீடுகளும் நெடுநாள் குடியிருப்புகளும் இவ்வரம்பினுள் அடங்கும்; புதிதாகக் கட்டப்பெறும் வீடு அடங்குதல் அரிது. அவ்வாறு விலக்கப்பெற்றோர்க்கு எஞ்சுவது ஒப்பந்தமே. ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதால், ஒப்பந்தம் பதினொரு மாதங்களுக்கே எழுதப்படுவது வழக்கமாயிற்று.

முடிவுரை

மைசூருவின் வாடகை தேவையால் மட்டும் அமைந்ததன்று; மனை வழங்கிய கழகம், பணிக்கு ஆள் கொணர்ந்த நிறுவனங்கள், வட்டி விகிதம், சட்டம் ஆகியன சேர்ந்து அமைத்தது. முந்தைய சட்டங்கள் வாடகையை உறையச் செய்தன. பிந்தைய சட்டம் பாதுகாப்பின் வரம்பை உறையச் செய்தது. முன்னதில் வீடு சிதைந்தது. பின்னதில் அரண் சுருங்கியது. இரண்டிலும் குறை ஒன்றே: காலத்தோடு மாறும் விலையை மாறாத எண்ணால் அளந்தமை. வடார வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுமிடங்களில் சட்டத்தின் நிழலில் நின்ற குடியினரும் அதற்கு வெளியே செல்கின்றனர். கல்வெட்டுகளில் ஒற்றியையும் காணியையும் நுணுகி ஆராயும் தமிழாய்வு, வாடகை ஒப்பந்தங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் தன் சான்றுகளாகக் கொள்ளுமாயின், எழுதப்படாத இக்குடியினர் வரலாறு துலங்கும்.