கம்ப்ரெசரும் லிமிட்டரும்

கம்ப்ரெசர் என்பது, தன்னிடம் வந்து சேரும் ஒலியின் மின் அலை ஒரு குறித்த எல்லையைத் தாண்டும்போது அதன் பெருக்கத்தைத் தானாகவே தணித்து, மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையேயுள்ள தூரத்தைச் சுருக்கித் தரும் சாதனம். தணிக்கும் வீதம் 4-க்கு 1 என்று வைக்கப்பட்டிருந்தால், எல்லைக்கு மேல் 8 டெசிபெல் எழுந்த ஒலி 2 டெசிபெல் மட்டுமே உயர்ந்து வெளிவரும். அவ்வீதம் 10-க்கு 1 அல்லது அதற்கும் மேலாகி, எல்லையைக் கடப்பது ஏறக்குறைய அசாத்தியம் என்ற நிலை வரும்போது அதே சாதனம் லிமிட்டர் என்ற பெயரைப் பெறுகிறது.

இதனைப் பெற்றெடுத்தது ரேடியோ நிலையம். ஊர்தி அலையின் மீது ஏற்றப்படும் ஒலி நூறு சதவீதத்தை மீறிவிட்டால், அலை இடையிடையே அற்றுப்போய்ப் பேச்சும் பாட்டும் கரகரத்துச் சிதைவதோடு, பக்கத்து அலைவரிசைகளிலும் இரைச்சல் பரவும் என்பதனால், மீட்டர் முள்ளின் மேல் கண்ணும் குமிழின் மேல் கையுமாக ஒருவர் நிகழ்ச்சி முடியும்வரை காவல் இருக்கவேண்டியிருந்தது. எதிர்பாராமல் எழும் உச்சத்தை எந்த மனிதக் கையும் எட்டிப் பிடிக்க இயலாது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1937-இல் வெளியிட்ட 110-ஏ என்ற கருவி அவ்வேலையை ஏற்றுக்கொண்டது; உச்சங்கள் அடங்கியதால் சராசரி ஒலியைத் துணிந்து உயர்த்த முடிந்தது; அவ்வாறு 3 டெசிபெல் உயர்த்துவது, ஒலிபரப்பியின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்கு ஒப்பான பலனைத் தந்தது.

வால்வுகளின் யுகத்தில் இக்கலை அடைந்த சிகரம், எஸ்தோனியாவில் பிறந்த ரெயின் நார்மா 1950களின் இறுதியில் உருவாக்கிய ஃபேர்சைல்டு 670. இருபது வால்வுகளும் பதினொரு டிரான்ஸ்ஃபார்மர்களும் அடங்கி ஏறத்தாழ 30 கிலோ கனத்த அப்பெட்டி, இசைத்தட்டு வெட்டும் ஊசி பள்ளத்தை விட்டு விலகாதிருக்கவே பிரதானமாக ஏற்பட்டதெனினும், அதன் வழியே சென்ற ஒலிக்கு ஒரு தனிச் செழுமை கிட்டுவதைக் கண்ட ஒலிப்பதிவாளர்கள், லண்டன் ஆபி ரோடு கலைக்கூடத்தில் பீட்டில்ஸ் குழுவின் டிரம் ஒலியை அதன் உடன்பிறப்பான 660-இன் வழியே வேண்டுமென்றே அழுத்திப் பதிவு செய்யும் அளவுக்கு அதன்மீது மோகம் கொண்டனர். 1960களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லாரன்ஸ் அமைத்த எல்ஏ-2ஏ கருவியின் உபாயம் வேறு: ஒலி வலுக்கும்போது உள்ளிருக்கும் தகடு ஒன்று ஒளிரும், அவ்வொளி படும் காட்மியம் சல்பைடு வில்லையின் மின்தடை குறையும், ஒலி தணியும். வெளிச்சம் மங்கிய பிறகு வில்லை முதலில் விரைந்தும் பின்னர் மிகவும் நிதானமாகவும் பழைய நிலைக்குத் திரும்புவதே குரலுக்கு அது இத்தனை இயல்பாக ஒத்துப்போவதன் ரகசியம். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பில் புட்னம் டிரான்சிஸ்டர் வகையொன்றால் செய்த 1176, ஒரு செகண்டின் பத்துலட்சத்தில் 20 பங்குக்குள் ஒலியைப் பிடித்தடக்கவல்லதாயிற்று. டேவிட் பிளாக்மர் 1971-இல் தொடங்கிய டிபிஎக்ஸ் நிறுவனத்தின் 160, உச்சத்தை விடுத்து ஒலியின் சராசரிச் சக்தியை அளந்து இயங்கியது. சிறிதாகவும் உறுதியாகவும் இருந்தமையால் கச்சேரி மேடைகளின் ஒலிபெருக்கி அமைப்புகளிலும் எளிதில் குடிபுகுந்தது.

மேடையில் இதன் பிரயோகம் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து பெரிதும் வேறுபட்டதென்பதை அழுத்திச் சொல்லவேண்டும். பாடகர் குரலை 6 டெசிபெல் அமுக்கிவிட்டு, இழந்ததை ஈடுசெய்ய மொத்த ஒலியையும் 6 டெசிபெல் உயர்த்தினால், அவர் வாய்மூடி நிற்கும் கணத்தில் மைக் முன்னைவிட 6 டெசிபெல் அதிகமாகத் திறந்திருக்கும்; எதிரிலுள்ள ஒலிபெருக்கியின் ஓசை அதனுள் புகுந்து ஊளையிடத் தொடங்குவது நிச்சயம். ஆகவே மேடையில் மிதமான வீதமும் சில டெசிபெல்லே அடங்கும் எல்லையும் போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் வேண்டியதைப் பாடுபவர் மைக்கைப் பிடிக்கும் தூரத்திலேயே சரிசெய்துகொள்ளலாம்.

லிமிட்டரின் ஸ்தானம் வரிசையின் கடைசியில், சக்திப் பெருக்கிக்குச் சற்று முன்னால். 8 ஓம் தடையும், 400 வாட்டைத் தொடர்ந்து தாங்கும் திறனும் உடைய ஒலிபெருக்கியொன்றை எடுத்துக்கொள்வோம். அச்சக்திக்கு வேண்டிய மின்னழுத்தம் சுமார் 56.6 வோல்ட், பெருக்கி 40 மடங்கு பெருக்குவதாயின், அதன் வாயிலில் 1.4 வோல்ட்டைத் தாண்ட விடாமல் லிமிட்டரை நிறுத்தவேண்டும். பெருக்கியின் குமிழைப் பிறகு யாரேனும் திருப்பிவிட்டால் இக்கணக்கு முழுவதும் பொய்த்துப்போகும்.

ஒலிபெருக்கிக்கு நேரும் அபாயம் இருவகைப்பட்டது. திடீர் உச்சம் கூம்பை அதன் அசைவெல்லைக்கு அப்பால் தள்ளி முறிக்கும். நீடித்த சக்தி, காந்த இடைவெளியிலுள்ள சுருளைச் சூடேற்றி அதன் பசையை இளக்கும். உச்சத்தை மட்டும் காவல் காக்கும் லிமிட்டர் முதலாவதைத் தடுக்குமேயன்றி இரண்டாவதை அறியாது. கடுமையாக அமுக்கப்பட்டு வந்த இசையில் உச்சம் அடங்கியிருந்தும் சராசரி உயர்ந்திருப்பதால், மீட்டர் எவ்விதக் குறையும் காட்டாத வேளையிலேயே சுருள் கருகிப்போவதுண்டு. அதனால்தான் இன்றைய டிஜிட்டல் கருவிகளில், அலையைச் சிறிது தாமதித்து வரவிருக்கும் உச்சத்தை முன்னரே கண்டு அடக்கும் லிமிட்டர் ஒன்றும், சுருளின் வெப்பத்தைக் கணித்துப் பல செகண்டுகளில் மெதுவாகச் சக்தியைத் தாழ்த்தும் லிமிட்டர் ஒன்றுமாக, தாழ்சுருதிக்கும் மேல்சுருதிக்கும் தனித்தனியே இரண்டிரண்டு வைக்கப்படுகின்றன.