மாம்பழ ஆந்த்ராக்னோஸ்

மாம்பழ ஆந்த்ராக்னோஸ் என்பது கொலிட்டோட்ரைக்கம் பேரினப் பூஞ்சைகளால் மாம்பழத்தில் உண்டாகும் அழுகல் நோய். ஈரப்பதம் மிகுந்த மா விளையும் நாடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. அறுவடைக்குப் பின்னரே பெரிதும் வெளிப்பட்டாலும், தொற்று தோப்பிலேயே நேர்ந்துவிடுகிறது.

தொற்றும் அறிகுறியும்

காய்ந்த கிளை, இலை, பூங்கொத்து ஆகியவற்றில் உருவாகும் வித்துகள் மழைநீருடன் தெறித்துக் காய்களில் படிகின்றன. முளைத்த பூஞ்சை தோலின் மேற்படலத்தோடு நின்று உறங்குநிலை அடைகிறது. பச்சைக் காயின் தோலிலுள்ள ரெசார்சினால் வகைச் சேர்மங்கள் அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றன. காய் பழுக்கையில் இவை குறைவதால் பூஞ்சை மீண்டும் வளர்கிறது. கருமையான, சற்றே குழிந்த புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று இணைகின்றன. ஈரமான சூழலில் அவற்றின்மேல் ஆரஞ்சு நிற வித்துத் திரள் படரும். காம்புப் பக்கத்திலிருந்து கீழிறங்கும் காம்பழுகல் வேறொரு நோய். அதற்கு லேசியோடிப்ளோடியா முதலிய பூஞ்சைகள் காரணம்.

வெந்நீர் நேர்த்தி

பூஞ்சை தோலின் மேலடுக்கிலேயே தங்கியிருப்பதால் சதையைக் கெடுக்காமல் வெப்பத்தால் அதை அழிக்க முடிகிறது. பறித்த காய்களைச் சுமார் 52 பாகை செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் அமிழ்த்துவது வழக்கம். வெப்பம் குறைந்தால் பூஞ்சை பிழைக்கும். மிகுந்தால் தோல் வெந்து கறுக்கும். எனவே தொட்டி முழுவதும் நீர் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். தகுந்த வெப்பமும் நேரமும் இரகத்துக்கும் காயின் பருமனுக்கும் ஏற்ப மாறும். பழ ஈக்களை ஒழிக்க ஏற்றுமதியில் கையாளும் வெந்நீர் நேர்த்தி இதிலிருந்து வேறுபட்டது. அதில் வெப்பம் சதைக்குள்ளும் எட்ட வேண்டியிருப்பதால் குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல் வைப்பார்கள்.

பிற முறைகள்

புரோகுளோராஸ், ஃபுளூடியாக்சோனில் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும் அறுவடைக்குப்பின் பயன்படுகின்றன. எச்ச நச்சு வரம்புகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், விற்கப்படும் சந்தையைப் பொறுத்தே அவற்றைத் தேர்ந்தெடுக்க முடியும். முதிர்ந்த பச்சைக் காய்களைச் சுமார் 13 பாகையில் சேமித்தால் பழுத்தலும் அழுகலும் தாமதப்படும். 10 பாகைக்குக் கீழே குளிர்க்காயம் ஏற்பட்டுத் தோல் நிறம் கெடும்.

வெந்நீர் நேர்த்தி முன்பே உள்ள தொற்றை அழிக்குமே தவிர, பின்னர் வரும் தொற்றைத் தடுக்காது. ஆகவே காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்து அகற்றுதல், பூக்கும் பருவத்தில் மருந்து தெளித்தல், அடிபடாமல் காம்புடன் பறித்தல் ஆகியவையும் கட்டுப்பாட்டின் பகுதிகளாகும்.