கொக்கட்டிச்சோலை: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் ஒரு கோயிலூரின் வரலாறு

மட்டக்களப்பு நகருக்குத் தென்மேற்கே, வாவியின் மேற்குக் கரையை அடுத்து அமைந்த சிற்றூர் கொக்கட்டிச்சோலை. மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகப் பிரிவின் நிருவாக மையமாக இன்று விளங்கும் இவ்வூர், தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தைச் சுற்றி வளர்ந்தது. கோயில் அயலூர்களை ஒன்றாக இணைத்தது. வாவி அவ்வூர்களைக் கடற்கரை நகரிலிருந்து பிரித்து வைத்தது. இவ்விரண்டும் ஊரின் வரலாற்றை எவ்வாறு வடிவமைத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமைவிடம்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை எனப்படும். ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் கொண்டு வகுத்த இப்பிரிவு பொருளியல் பிரிவாகவும் இருந்து வந்துள்ளது. மீன்பிடி, தென்னை, வணிகம், பாடசாலை, நீதிமன்றம் ஆகியவை எழுவான்கரையில் செறிந்தன. நெல்லும் கால்நடையும் காட்டுத் தேனும் படுவான்கரைக்கு உரியவை ஆயின.

கொக்கட்டிச்சோலையைச் சூழ முனைக்காடு, மகிழடித்தீவு, முதலைக்குடா, அரசடித்தீவு, அம்பிளாந்துறை, கடுக்காமுனை, பண்டாரியாவெளி முதலிய ஊர்கள் உள்ளன. இவற்றுள் முனை, தீவு, குடா, துறை என முடியும் பெயர்கள் நீரும் நிலமும் பின்னிக் கிடக்கும் தரையமைப்பைக் காட்டுகின்றன. வடகீழ்ப் பருவமழையை நம்பிய மாரிப்போகமே வேளாண்மையின் அடித்தளம். போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளர், அவருக்காக வயலைப் பொறுப்பேற்றுச் செய்யும் முல்லைக்காரர், வட்டை எனப்படும் வயல்வெளியின் நீர்ப்பங்கீட்டையும் வேலி காவலையும் கவனிக்கும் வட்டவிதானை என்ற ஒழுங்கு இவ்வேளாண்மையைத் தாங்கியது.

தோற்றக் கதைகள்

கோயிலின் தொடக்கம் குறித்து ஒன்றோடொன்று இணைந்த இரு மரபுக் கதைகள் வழங்குகின்றன. முதலாவது வேடர் தொடர்பானது. திடகன் என்னும் வேடன் தேனுக்காகக் கொக்கட்டி மரமொன்றை வெட்டியபோது அதிலிருந்து குருதி பெருகியது. அவ்விடத்தில் தானாகத் தோன்றிய இலிங்கம் காணப்பட்டது என்பது கதை. ஊரின் பெயரும் இறைவனின் பெயரும் இக்கதையில் ஒருங்கே விளக்கம் பெறுகின்றன.

இரண்டாவது, கலிங்க நாட்டு இளவரசி உலகநாச்சி பற்றியது. மண்முனைப் பகுதியை மானியமாகப் பெற்று ஆண்ட உலகநாச்சி, வேடன் கண்ட இலிங்கத்துக்குக் கோயில் எடுப்பித்தாள் என்பர். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ உலகநாச்சியின் வருகையை மேகவர்ணன் என்னும் அரசனோடு தொடர்புபடுத்துகிறது. பௌத்த மரபில், கலிங்க இளவரசி ஹேமமாலா புத்தரின் தந்தத்தைக் கூந்தலில் மறைத்து நான்காம் நூற்றாண்டு அரசன் சிறிமேகவண்ணனிடம் கொண்டுவந்த கதை உண்டு. இரு கதைகளுக்கும் இடையிலான ஒற்றுமை வெளிப்படையானது. எனவே உலகநாச்சி கதையைக் கொண்டு கோயிலுக்கு நான்காம் நூற்றாண்டு எனக் காலம் கணிப்பது பொருந்தாது. தீவு முழுவதும் பரவியிருந்த ஒரு கதைக்கூறு மண்முனையின் ஆட்சியுரிமையை நிலைநாட்டும் வகையில் இங்கு எடுத்தாளப்பட்டிருக்கலாம் எனக் கொள்வதே தகும். காட்டில் இலிங்கத்தைக் கண்டவர் வேடர், கோயில் எடுத்தவர் வந்தேறிய ஆட்சியாளர் என்று பங்கு பிரிப்பதன் மூலம், பழங்குடிகளுக்கும் பின்வந்த குடியேறிகளுக்கும் இடையிலான உறவையும் இக்கதைகள் ஒழுங்குபடுத்துகின்றன.

குடிமுறையும் கோயிலாட்சியும்

திருக்கோவில், மண்டூர் ஆகிய தலங்களைப் போலவே கொக்கட்டிச்சோலையும் தேசத்துக் கோயில் என்னும் நிலையைப் பெற்றது. தேசத்துக் கோயில் என்பது ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஒரு நிலப்பகுதியின் ஊர்களும் குடிகளும் திருவிழாக்களிலும் நிருவாகத்திலும் வகுத்துக்கொண்ட உரிமைகளோடு பங்கேற்கும் கோயிலாகும். மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழியாக வரும் உறவுக் கூட்டத்தைக் குறிக்கும். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர். திருமணம் வேறு குடியிலேயே நிகழும். கொக்கட்டிச்சோலைக் கோயிலின் மரபில் காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி ஆகியவை முதன்மை பெறுகின்றன. நிருவாகப் பொறுப்பை வண்ணக்கர் ஏற்பர். பூசைப் பொறுப்பு வீரசைவ மரபைச் சேர்ந்த குருக்கள்மாரிடம் உள்ளது.

தாய்வழிச் சொத்துரிமையை வகுத்த, முக்குவர் சமூகத்தின் வழக்காறான முக்குவர் சட்டம் பிரித்தானிய நீதிமன்றங்களிலும் ஒருகாலத்தில் செல்லுபடியானது. 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது சட்டவலுவை இழந்தது. நிலவுரிமையில் குடியின் பிடி இவ்வாறு தளர்ந்த பின்னரும் கோயிலுரிமையில் அது நீடித்தது. இன்றும் திருவிழா முறைகளில் குடிப்பெயர் ஒலிப்பதற்குக் கோயிலே காரணம்.

ஐரோப்பியர் காலம்

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதைக் கைப்பற்றினர். ஆயினும் கோட்டையின் அதிகாரம் வாவியின் மேற்கே ஆழமாகச் செல்லவில்லை. பற்றுகள் எனப்பட்ட உள்நாட்டுப் பிரிவுகள் கண்டி அரசின் மேலாண்மையை ஏற்ற உள்ளூர்த் தலைவர்களின் கையிலேயே பெரிதும் இருந்தன. 1766இல் கண்டியோடு செய்த உடன்படிக்கையின் மூலமே கரையோரம் முழுவதன் மீதும் ஒல்லாந்தர் இறைமை பெற்றனர். 1795இல் மட்டக்களப்பு பிரித்தானியர் வசமாயிற்று.

இக்கோயிலின் புகழ்பெற்ற கதை இக்காலப் பின்னணியிலேயே அமைகிறது. கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, கல்நந்தி புல் உண்ணுமா என்று ஏளனமாகக் கேட்க, நந்தி எழுந்து புல்லை உண்டு சாணமும் இட்டது. அஞ்சிய தளபதி திரும்பிப் போனான் என்பது அக்கதை. வேறு தலங்கள் இடிக்கப்பட, இது தப்பிய நினைவை இக்கதை தாங்கியிருக்கிறது. தப்பியதற்கு வாவியும் கண்டியின் மேலாண்மையும் துணைநின்றன எனக் கருத இடமுண்டு. நந்தியின் சிலை இன்றும் கோயிலுக்கு வருவோர் தேடிக் காணும் சின்னம்.

தேரும் கூத்தும்

ஊரின் பெருநிகழ்வு ஆண்டுத் திருவிழாவின் தேரோட்டம். பெரும்பாலும் செப்டெம்பரில் நிகழும் இத்தேரோட்டத்தில் மரத்தேர்களின் வடம் பிடிக்கப் படுவான்கரை ஊரார் திரள்வர். வாவியைக் கடந்து எழுவான்கரை அடியார்களும் வந்து சேர்வர். சுற்றூர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும், வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் குளிர்த்திச் சடங்கும் தொடர்கின்றன. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இப்பகுதியின் கோயில், சடங்கு, கலை மரபுகளை விரிவாகப் பதிவு செய்த முன்னோடி நூல்.

போர்க்காலம்

இலங்கை விடுதலை பெற்ற பின்னரும் வாவியைக் கடக்கும் தோணியும், பாதை எனப்படும் மிதவையுமே நகரை அடையும் குறுக்குவழியாக இருந்தன. 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளி மாவட்டம் முழுவதையும் போல் படுவான்கரையையும் சிதைத்தது. அடுத்த பத்தாண்டில் உள்நாட்டுப் போர் வந்தது. வாவிக்கு மேற்கே விடுதலைப் புலிகளும், கிழக்கே அரச படைகளும் நிலைகொள்ள, வாவி போரின் எல்லைக் கோடாக மாறியது.

1987 ஜனவரி 28 அன்று மகிழடித்தீவு இறால் பண்ணையிலும் அயலிலும் விசேட அதிரடிப் படையினரின் நடவடிக்கையில், பண்ணைத் தொழிலாளர் உள்ளிட்ட பொதுமக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். 1991 ஜூன் 12 அன்று கண்ணிவெடியில் படையினர் இருவர் இறந்ததையடுத்து, மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். அரசு நியமித்த விசாரணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாகப் பதிவு செய்தது; இரு தரப்புச் சூட்டில் அகப்பட்டு இறந்தனர் என்ற விளக்கத்தை அது ஏற்கவில்லை. இவ்விரு நிகழ்வுகளும் கொக்கட்டிச்சோலைப் படுகொலைகள் என்றே வழங்குகின்றன. ஆண்டுதோறும் ஊரார் நினைவேந்தல் நடத்துகின்றனர்.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் காலத்தில் இவ்வூர் விடுதலைப் புலிகளின் முக்கிய அரசியல் நிலையமாக இருந்தது. 2007 மார்ச் இறுதியில் அரச படைகள் ஊரைக் கைப்பற்றின. அப்போரில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து எழுவான்கரை முகாம்களில் தங்கிப் பின்னர் கட்டங்கட்டமாக மீளக் குடியமர்ந்தனர்.

பாலமும் பின்னரும்

ஜப்பானிய அரசின் உதவியோடு கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. எழுவான்கரையின் ஆரையம்பதிப் பக்கத்தில் பாதைக்காகக் காத்திருக்கும் நிலை அத்தோடு முடிந்தது. நெல்லும் பாலும் சந்தைக்குச் செல்வதும், நோயாளர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையை அடைவதும், ஆசிரியர் எழுவான்கரையிலிருந்து நாள்தோறும் வந்து போவதும் எளிதாயின. ஆயினும் அம்பிளாந்துறை – குருக்கள்மடம், மண்டூர் – குருமண்வெளி போன்ற துறைகளின் தேவை பாலத்தோடு நீங்கிவிடவில்லை.

கொக்கட்டிச்சோலையின் வரலாற்றுச் சின்னங்களுள் கோயில், கல்நந்தி, தேர் ஆகியவை குடிகளின் கூட்டுரிமையால் நிலைத்தவை. மகிழடித்தீவின் படுகொலை நினைவிடமும் மண்முனைப் பாலமும் வாவியோடு பிணைந்த அண்மைக்கால வரலாற்றுக்குச் சான்றானவை. அந்நிய ஆட்சிக் காலத்தில் கோயிலைக் காத்த அதே நீர்ப்பரப்பு, போர்க்காலத்தில் மக்களைத் தனிமைப்படுத்தியது. அரச அதிகாரம் எக்கரையில் நின்றது, கரைகளுக்கிடையே போக்குவரத்து யார் கையில் இருந்தது என்பவையே ஒவ்வொரு காலத்திலும் வாவி அரணாவதா தடையாவதா என்பதைத் தீர்மானித்தன.