தார்த் தெளிப்பு லாரி: தெளிப்பு வீத அளவுத்திருத்தம்

தார்த் தெளிப்பு லாரி சாலையின் ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு தாரை இடுகிறது என்பதை அளந்து சரிசெய்யும் முறை. தார் குறைந்தால் மேலடுக்கு ஒட்டாது; மிகுந்தால் அடுக்கு வழுக்கும், வெயிலில் தார் மேலே கசியும்.

கணக்கீடு: நிமிடத்துக்குப் பம்பு தள்ளும் லிட்டரை, தெளிப்புக் குழாயின் அகலத்தாலும் நிமிடத்துக்கு லாரி கடக்கும் மீட்டராலும் வகுத்தால் வீதம் கிடைக்கும். 4 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகம், 400 லிட்டர் பாய்வு எனில் வீதம் சதுர மீட்டருக்கு 1 லிட்டர்.

தட்டுச் சோதனை: எடைபோட்ட தட்டுகளைச் சாலையின் குறுக்கே வரிசையாக வைத்து, லாரியை ஓட்டியபின் மீண்டும் எடைபோடுவர். 30 செ.மீ. சதுரத் தட்டில் 90 கிராம் கூடினால், வீதம் சதுர மீட்டருக்கு 1 கிலோ. தட்டுக்குத் தட்டு எடை மாறினால் நாசில் அடைப்பு, நாசில் கோண மாறுபாடு, குழாயின் உயரப் பிழை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி2995 தரம் இத்தகைய அளவீட்டுக்கானது.

திருத்தங்கள்: சூட்டில் தார் விரிவதால், லிட்டர் கணக்கை 15 பாகை செல்சியசுக்கு மாற்றுவர். 165 பாகையில் கன அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். நீரில் கலந்த தார்க் குழம்பு எனில், நீர் ஆவியானபின் எஞ்சும் தாரைத் தனியே கணக்கிடுவர்.

இந்திய அளவு: பழைய தார்ச்சாலை மீது மேலடுக்கை ஒட்டவைக்கும் ஒட்டுப்பூச்சுக்கு மத்திய நெடுஞ்சாலை அமைச்சக விவரக்குறிப்பு சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ என வகுத்துள்ளது.