காசிராம் கோத்வாலும் கைமாறிய நாடகமும்

பேஷ்வாக்கள் ஆண்ட இப்புனே நகருக்குத் தென்னாட்டார் வந்து போவது புதிதல்ல. சிராவண மாதத்தில் வழங்கப்பட்ட தட்சிணைக்காகத் தொலைதூரத்திலிருந்தெல்லாம் பிராமணர்கள் வருவார்கள். 1791 ஆகஸ்டில் அவ்வாறு வந்த தெலுங்குப் பிராமணர்களை நகரக் கோத்வால் காசிராம் ஒரு சிறு அறையில் அடைத்தான். விடிவதற்குள் இருபது பேருக்கு மேல் மூச்சு முட்டி இறந்தனர். ஊர் கொதித்தெழுந்து காசிராமைக் கல்லால் அடித்தே கொன்றது. அவனும் நம்மைப் போல வெளியூர்க்காரன்தான். அவனைக் கோத்வாலாக்கிய நானா பட்னவிஸ் மட்டும் பதவியில் நீடித்தார்.

இதைக் கருவாகக் கொண்டு விஜய் டெண்டுல்கர் எழுதிய மராத்தி நாடகம்தான் 'காசிராம் கோத்வால்'. இது சரித்திர நாடகம் அன்று என்று அவரே சொல்லியிருக்கிறார். புனேயின் புரோகிரஸிவ் டிராமாடிக் அசோசியேஷன் 1972 டிசம்பர் 16ல் இதை அரங்கேற்றியது. இயக்கியவர் ஜப்பார் படேல், இசை பாஸ்கர் சந்தாவர்க்கர், ஆட்ட அமைப்பு கிருஷ்ணதேவ் முள்குந்த். வரிசையாக நிற்கும் பிராமண வேடதாரிகளே பாடி ஆடிக்கொண்டு சுவராவார்கள். திரும்பினால் ஊர்க் கூட்டமாவார்கள். நம் தெருக்கூத்தில் இருவர் திரை பிடிப்பார்கள் அல்லவா, இங்கே ஆட்களே திரை! காகிதத்தில் எழுதியதற்கு இப்படி உயிர் கொடுத்தது இம்மூவரும் அந்த இளைஞர்களுமே.

நானாவையும் பிராமண சமூகத்தையும் இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு எழுந்தது. 19 காட்சிகளோடு சங்கத் தலைமையே நாடகத்தை நிறுத்திவிட்டது. இளைஞர்கள் வெளியேறி 1973ல் தியேட்டர் அகாடமியைத் தொடங்கி, 1974 ஜனவரியில் மீண்டும் மேடையேற்றினார்கள். 'முதலில் போட்டவர்களுக்கே உரிமை, உங்களுக்குள் தீர்த்துக்கொண்டு வாருங்கள்' என்று ஆசிரியர் ஒதுங்கியிருந்தால் பிரதி பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். டெண்டுல்கர் இசைந்தார். 1980ல் அது ஐரோப்பா வரை போயிற்று.

நான் கடைக்காரன். விற்ற சரக்கை வாங்கினவர் என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. நாடகாசிரியன் பாடு வேறு. கொடுத்த பிறகும் அவன் பெயர் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, கல்லெறி வந்தால் அவனுக்கும் சேர்த்துத்தான். இளங்கோவடிகளுக்கு இந்தச் சங்கடமில்லை. 1942ல் 'கண்ணகி'யும் 1964ல் 'பூம்புகா'ரும் எடுத்தவர்கள் யாரைக் கேட்கவேண்டும்?

என் குறை ஒன்றுண்டு. அகாடமியின் அமைப்பு அத்தனை வெற்றி பெற்றதால், மனிதச் சுவர் இல்லாமல் இந்த நாடகமே இல்லை என்ற எண்ணம் புனேயில் ஊறிப்போயிற்று. ஆசிரியர் திறந்துவிட்ட கதவை ரசிகர்களே சாத்திவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தப் பிடியிலிருந்து துணிந்து விலகியவர்கள் பிலிம் இன்ஸ்டிடியூட்டில் படித்து வந்தவர்கள். 'யுக்த்' என்ற கூட்டுறவு அமைத்து 1976ல் இதைத் திரைப்படமாக்கினார்கள். மணி கௌல், சயீத் மிர்ஸா, கமல் ஸ்வரூப் ஆகியோரோடு நம் கே. ஹரிஹரனும் இயக்குநர். மேடையில் நானாவாக நின்ற மோகன் ஆகாஷேயே படத்திலும் நானா. காசிராம் ஓம் புரி. மேடையை அப்படியே படம்பிடிக்காமல், வெட்டாது நீளும் காட்சிகளால் வேறொன்று செய்தார்கள். பார்ப்பதற்குப் பொறுமை வேணும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திரைக்கதையை எழுதியவர் டெண்டுல்கரே. தம் நாடகத்தைத் தாமே பிரித்துக் கொடுத்தார்!

ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' 1982ல் வந்தது. பாரதி பாடல்களுக்காக அதைக் கேட்டு ரசித்த நம்மவர்கள் அநேகர். அதற்கு முன்பே அவர் நம்ம ஊர்க் கதைக்குக் காமிரா வைத்தவர் என்பது, இங்கேயே இருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?