மலேரியாத் தடுப்பூசிக்குக் கணினி தேரும் புரதங்கள்: ஜெய்வாக்-1 பரிசோதனையை முன்னிட்டு ஒரு மறுவிசாரணை

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் 5,000-க்கு மேற்பட்ட புரதங்களைக் கணினியிலிட்டுத் தடுப்பூசிக்கு உகந்தவற்றைத் தரவரிசைப்படுத்துவோர், கிருமியின் மேற்பரப்பில் அமைந்திருத்தல், சிவப்பணுவைப் பற்றும் இயல்பு, நோயுற்றோர் இரத்தத்தில் தானாகவே எதிர்பொருளைத் தோற்றுவித்தல் ஆகிய லட்சணங்களுக்கே பெரும்பாலும் மதிப்பெண் வழங்கிவருகின்றனர். அவ்வாறு உயர்ந்த இடம் பெறத்தக்கதொரு புரதம் மனிதரிடம் பயனளிக்காதபோது, குற்றத்தை மருந்தளவின்மீதும் துணைப்பொருளின்மீதும் சுமத்தி, வரிசையைத் தீண்டாமல் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பெங்களூரில் நடைபெற்று, 2015-இல் முடிவுகள் வெளியான ஜெய்வாக்-1 தடுப்பூசியின் முதற்கட்டப் பரிசோதனையே இதற்குச் சாட்சி. இக்கிருமியின் எம்.எஸ்.பி.1 என்னும் புரதத்தின் 19 கிலோடால்டன் துண்டான எம்.எஸ்.பி.1-19-உம், ஈ.பி.ஏ.-175 புரதத்தின் எஃப்2 பகுதியும் ஒரே எண்ணெய்த் துணைப்பொருளில் கலந்து செலுத்தப்பட்டன. எஃப்2-க்கு எதிர்பொருள் தோன்றிற்று; மற்றதற்கோ திருப்திகரமாகத் தோன்றவில்லை. இவ்விரண்டும் கணினி கண்டெடுத்தவை அல்ல என்பது உண்மையே. ஆயினும், கிருமியின் சவ்வில் வேரூன்றி நிற்பதும், மலேரியா மலிந்த பிரதேசத்தாரின் குருதியில் எதிர்பொருளைத் தோற்றுவிப்பதுமான எம்.எஸ்.பி.1-19, மேற்சொன்ன அளவுகோல்களுக்கு இசைந்த புரதமாதலால், அந்த அளவுகோல்களையே பரீட்சிக்க இதனினும் ஏற்ற சந்தர்ப்பம் அரிது. துணைப்பொருள் பலவீனமானது என்று சொல்வோர், அதே கலவை, அதே சரீரங்களில், எஃப்2-க்கு மட்டும் பலித்த விசித்திரத்துக்கு என்ன சமாதானம் கூறுவர்?

என் அனுமானம் இது. ஆறு கந்தகப் பிணைப்புகளால் இறுக முடிச்சிடப்பட்ட எம்.எஸ்.பி.1-19 என்னும் அச்சிறு துண்டு, உடலின் அணுக்களால் எளிதில் அறுத்துக் காட்டப்படாதது. உதவி டி-அணுக்களைத் தட்டியெழுப்பும் பகுதிகளும் அதில் சொற்பம். எதிர்பொருள் ஒரு புரதத்தைப் பற்றமுடியுமா என்ற கேள்வியோடு, அதனை உண்டாக்க இம்மனிதரின் உடல் முன்வருமா என்ற கேள்வியையும் வரிசை வகுப்போர் சமமாகக் கேட்டிருக்க வேண்டும். பரிசோதனைக்கு உட்பட்டவர் 45 பேரே; அனைவரும் ஆடவர். எம்.எஸ்.பி.1-19 தனியே செலுத்தப்பெற்ற குழு எதுவும் இல்லாமையால், எஃப்2-உடன் நேர்ந்த போட்டியால் அது பின்தங்கியிருக்கலாம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் போட்டியே காரணமாயினும் என் வாதம் தளராது: புரதங்களைத் தனித்தனியே மதிப்பிடும் முறை அதனையும் முன்னறிந்து கூறாது.

ஆர்.எச்.5 என்னும், இக்கிருமியின் மற்றொரு புரதத்தின் வரலாறு மறுபக்கத்திலிருந்து இதனையே உறுதிசெய்கிறது. சவ்வைத் துளைத்து நிற்கும் பகுதியோ, கொழுப்பு நங்கூரமோ அதற்கில்லை. நோயுற்றோரிடம் அதற்கெதிரான எதிர்பொருளும் மிகக் குறைவு. மேற்கண்ட சல்லடையில் நழுவியிருக்கக்கூடிய அப்புரதம், பேசிஜின் என்னும் ஏற்பியைப் பற்றாமல் கிருமி சிவப்பணுவுள் புகமுடியாது என்று 2011-இல் தெளிந்தபின், இரத்தநிலைத் தடுப்பூசிகளில் முதன்மை பெற்றது.

கணினியை நான் நிராகரிக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் என். சீனிவாசன் குழுவினர், தூரத்து வம்சத் தொடர்புகளைக் கொண்டு, இக்கிருமியின் பெயரற்ற புரதங்களுக்குத் தொழிலை அனுமானித்த முறை, கணிப்பின் சீரிய பிரயோகம். அவ்வழியில், புரதத்தின் மடிப்பு, அவசியத் தொழில், இந்நாட்டாரின் திசுவகைகளுக்கேற்ற டி-அணுப் பகுதிகள் ஆகியவற்றை முதலில் கணித்து, பரப்பு லட்சணங்களுக்கு அதன்பின் மதிப்பெண் இடுக. தரவு போதாது என்பர். இருக்கும் தரவுகொண்டே எம்.எஸ்.பி.1-19-ஐ முதலில் மறுகணக்கிட்டுப் பார்க்கலாம்.