அழகுசாதன வேதியியலும் ஆய்வகத்தின் கதவும்

மஞ்சள், சந்தனம், குங்குமம், சீயக்காய், மல்லிகை ஆகியவை தமிழர் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் பொருள்கள். இவற்றை இடித்தவர்கள், சலித்தவர்கள், காய்ச்சியவர்கள், பதம் பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. இதே பொருள்களை ஆராய்வது அழகுசாதன வேதியியல் என்ற பெயரில் கல்லூரிக்குள் நுழைந்தபோது, அந்தப் பெண்களில் பலருக்கு ஆய்வகத்தில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் கைப்பழக்கமாக இருந்த அறிவு பாடமாக மாறியது. பாடம் படிக்கும் உரிமை மட்டும் சிலருக்கே இருந்தது.

அழகுசாதனப் பொருள்கள் அறிவியலானது ஒரு வரலாறு. ஆய்வகம் படிப்படியாக மற்றவர்களுக்கும் திறந்தது இன்னொரு வரலாறு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்றையொன்று விளக்கும்.

குங்குமத்தின் சிவப்பு

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலை ஒட்டிய கடைகளில் விற்கும் தாழம்பூ குங்குமம் பெயர்பெற்றது. மரபான குங்குமத்திற்கு மூலப்பொருள் மஞ்சள். மஞ்சளோடு எலுமிச்சைச் சாறு, வெண்காரம், படிகாரம் ஆகியவற்றைச் சேர்த்து உலர்த்தி அரைப்பார்கள். அளவும் முறையும் ஊருக்கு ஊர் மாறும்.

மஞ்சள் எப்படிச் சிவப்பாகிறது? மஞ்சளின் நிறத்திற்குக் காரணம் குர்குமின் என்ற சேர்மம். வெண்காரம் என்பது போரான் கலந்த உப்பு. அமிலம் உள்ள சூழலில் வெண்காரத்திலிருந்து போரிக் அமிலம் உண்டாகும். அது குர்குமினோடு இணைந்து ஆழ்ந்த சிவப்பு நிறச் சேர்மத்தைத் தருகிறது. ஒரு கரைசலில் போரான் இருக்கிறதா என்று அறிய வேதியியலார் மஞ்சள் தோய்த்த தாளைப் பயன்படுத்துவதும் இதே வினையை நம்பித்தான்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்த்தால் வரும் சிவப்பு வேறு வகை. அது காரத்தால் வரும் நிறமாற்றம். எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகிவிடும். வீட்டில் எளிதாகச் செய்து பார்க்கக்கூடிய அமில-காரச் சோதனை இது.

குர்குமின் 1815-ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூறு அமைப்பு சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோஸ்டானெட்ஸ்கியின் குழுவால் 1910-இல் வெளியிடப்பட்டது. அந்த ஆய்வுக் கட்டுரையில் முதலாவதாக உள்ள பெயர் மிலோபெண்ட்ஸ்கா என்ற பெண்ணுடையது. பெர்ன் பல்கலைக்கழகம் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. நம் அடுப்படியில் உள்ள மஞ்சளின் அமைப்பை அறிந்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார் என்றால், அங்கே கதவு முன்னதாகவே திறந்திருந்தது என்பதே காரணம்.

பெங்களூரின் சந்தன எண்ணெய்

தென்னிந்தியாவில் பேராசிரியர்கள் நேரடியாக ஈடுபட்டு உருவான நறுமணத் தொழிலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு மைசூர் சந்தன எண்ணெய். மைசூர் சமஸ்தானத்தில் சந்தன மரம் அரசின் உடைமை. ஆனாலும் எண்ணெய் வடிக்கும் வேலை பெருமளவில் உள்ளூரில் நடக்கவில்லை. கட்டைகள் ஏலத்தில் விற்கப்பட்டு ஐரோப்பாவுக்கு, குறிப்பாக ஜெர்மனிக்குச் சென்றன. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் அந்த வாணிகம் நின்றது, கட்டைகள் தேங்கின.

அப்போது மைசூரின் தொழில்துறை இயக்குநராக இருந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். இவர் முன்பு சென்னையில் பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழில் தொடங்கக் காரணமானவர். திவான் பதவியில் விசுவேசுவரய்யா இருந்தார். பெங்களூரில் 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் நிறுவனத்தின் கரிம வேதியியல் பேராசிரியர் ஜே. ஜே. சட்பரோவும், எச். ஈ. வாட்சனும் சந்தனக் கட்டையிலிருந்து எண்ணெய் வடிக்கும் முறையைச் சோதித்தார்கள். 1916-இல் பெங்களூரில் எண்ணெய் ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மைசூரிலும் ஓர் ஆலை அமைந்தது.

சந்தனத்தின் மணம் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலும் வேரிலும் இருக்கிறது. கட்டையைச் சீவித் தூளாக்கி, நீராவி செலுத்தினால் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து வெளிவரும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் நீரும் எண்ணெயும் தனித்தனியே பிரியும். சந்தன எண்ணெயின் பெரும்பகுதி சாண்டலால் எனப்படும் சேர்மங்கள். இவை எளிதில் ஆவியாகாதவை. ஆகவே வடிப்பதற்கு நெடுநேரம் பிடிக்கும். தோலில் பூசினால் மணம் நெடுநேரம் நிற்பதும் இதனால்தான்.

எண்ணெயை அடுத்து சோப்பு வந்தது. எஸ். ஜி. சாஸ்திரி என்ற வேதியியலார் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, சோப்பும் நறுமணமும் ஆக்கும் முறைகளைக் கற்றுத் திரும்பினார். அவர் உழைப்பில் உருவான மைசூர் சந்தன சோப்பு இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஓர் ஆய்வகம் தன்னைச் சுற்றியுள்ள மக்களின் பொருளை எடுத்து, அதை மக்களின் தொழிலாக மாற்றிக் காட்டிய நிகழ்வு இது.

1933: வாசலில் நின்ற மாணவி

அதே நிறுவனத்தின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. கமலா பகவத் (திருமணத்திற்குப் பின் கமலா சோஹோனி) பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியலும் இயற்பியலும் படித்து 1933-இல் முதலிடத்தில் தேறினார். இவருடைய தந்தையும் தந்தையின் சகோதரரும் வேதியியல் கற்றவர்கள். இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தபோது, இயக்குநராக இருந்த சி. வி. இராமன் அதை மறுத்தார். பெண் என்பதே காரணம். மதிப்பெண்ணில் குறை ஏதும் இல்லை.

கமலா திரும்பிப் போகவில்லை. காரணம் கேட்டு, காந்திய வழியில் இயக்குநர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தார். இறுதியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் ஓராண்டு அவர் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார். வழிகாட்டி கேட்டால் இரவிலும் வேலை செய்யவேண்டும். அவரால் ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதறக்கூடாது. அந்த அவமதிப்பைத் தாம் மறக்கவில்லை என்று முதுமையிலும் கமலா சொன்னார்.

பேராசிரியர் சீனிவாசய்யாவிடம் அவர் பால், பயறு, பருப்பு வகைகளில் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். ஓராண்டு முடிந்ததும் இராமன் நிறைவடைந்தார். நிறுவனம் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. கமலா பின்னர் கேம்பிரிட்ஜ் சென்றார். தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி என்ற புரதம் இருப்பதைக் காட்டி, 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். அறிவியல் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணிகளுள் ஒருவர் அவர். நாடு திரும்பியபின் சிலகாலம் நீலகிரியில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் உதவி இயக்குநராகவும் பணியாற்றினார்.

சந்தனக் கட்டையை ஏற்ற ஆய்வகம், அடுப்படி அறிவோடு வந்த பெண்ணை ஏற்கத் தயங்கியது. இழப்பு கமலாவுக்கு மட்டும் நேர்ந்ததாகக் கருதமுடியாது. அவர் அமர்ந்த வாசலில் அமரத் துணிவோ வசதியோ இல்லாமல் திரும்பிப் போனவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

சமையலறையிலிருந்து வகுப்பறைக்கு

அமெரிக்காவில் ஹேசல் பிஷப் என்பவரின் வாழ்க்கை இதற்கு இணையாகப் படிக்கத்தக்கது. 1906-இல் பிறந்த இவர் பர்னார்டு கல்லூரியில் வேதியியல் பயின்று 1929-இல் பட்டம் பெற்றார். மருத்துவராகும் விருப்பம் பொருளாதார நெருக்கடியால் நிறைவேறவில்லை. தோல் மருத்துவ ஆய்வகத்திலும், பின்பு எண்ணெய் நிறுவனங்களிலும் வேதியியலாராக வேலை பார்த்தார்.

மாலையில் வீட்டுச் சமையலறையில் உதட்டுச்சாயம் பற்றிய சோதனைகளைச் செய்தார். அக்காலச் சாயங்கள் கோப்பையிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். உதட்டில் நின்று பிடிக்கும் சாயங்கள் உதட்டை உலர்த்திவிடும். நிறம் நிற்கவேண்டும், உதடு வறளக்கூடாது என்ற இரண்டையும் சேர்த்துப் பெற அவர் 309 சோதனைகள் செய்ததாகச் சொல்லப்படுகிறது. 1950-இல் அந்தச் சாயம் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆயினும் பங்குதாரரோடு ஏற்பட்ட வழக்கில், 1954-இல் தம் பெயர் தாங்கிய நிறுவனத்தின் மீதிருந்த உரிமையை இழந்தார்.

எழுபது வயதைக் கடந்தபின், 1978-இல், நியூயார்க்கின் ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் அழகுசாதனத் துறையைக் கற்பிக்கத் தொடங்கினார். நிறுவனம் கைவிட்டுப் போனபின்னும் கற்ற கல்வி அவரிடமே இருந்தது. அதை அவர் மாணவர்களுக்குக் கொடுத்தார். பிஷப்பும் கமலாவும் 1998 என்ற ஒரே ஆண்டில் மறைந்தார்கள்.

தல்லாகுளம்

மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள பகுதி தல்லாகுளம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையால் பலரும் அறிந்த ஊர். கல்வி வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. 1881-இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி பின்னர் இந்தப் பகுதிக்கு அருகே வந்தது. மதுரையின் முதல் மகளிர் கல்லூரியான லேடி டோக் கல்லூரியை 1948-இல் கேட்டி வில்காக்ஸ் தல்லாகுளத்தில் நிறுவினார்.

இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே 67 ஆண்டுகள். மகளைத் தொலைவூருக்கு அனுப்ப மனமில்லாத குடும்பத்துக்கு, உள்ளூரில் மகளிர் கல்லூரி வந்தது என்பது மேற்படிப்பே சாத்தியமானது என்று பொருள். மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்து, வீட்டில் முதல் ஆளாகச் சோதனைக்குழாயைக் கையில் எடுத்த பெண்கள் இத்தகைய கல்லூரிகளால்தான் உருவானார்கள்.

இந்த மண்ணிலேயே அழகுசாதன வேதியியலுக்கு வேண்டிய பாடப்பொருளும் இருக்கிறது. மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. மல்லிகையின் மணம் பென்சைல் அசிட்டேட், லினலூல், இன்டோல் முதலிய பல சேர்மங்களின் கூட்டு. மொட்டு மாலையில் விரியும்போதுதான் மணம் வீசும். வெப்பத்தால் அது கெட்டுவிடும் என்பதால் சந்தனத்தைப்போல் நீராவியில் வடிக்காமல், கரைப்பான்களைக் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். சந்தனத்துக்கு ஒரு முறை, மல்லிகைக்கு வேறொரு முறை என்பதற்கு ஏன் என்று கேட்டால், ஆவியாதல், கரைதிறன் ஆகிய பாடங்கள் தாமே வந்துவிடும்.

மூக்கால் அறியும் நிறமாற்றம்

பெண்களுக்குக் கதவு திறந்தபின்னும் வெளியே நின்றவர்கள் உண்டு. பார்வையற்ற மாணவர்கள் அவர்களுள் முதன்மையானவர்கள். மதுரை சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற அமைப்புகளால் பலர் கல்வி பெற்றார்கள். எனினும் பார்வையற்ற மாணவர் மேல்நிலை வகுப்பில் அறிவியல் எடுப்பது இன்றும் அரிது. வேதியியல் என்றால் நிறம் பார்ப்பது என்ற எண்ணமே பெரிய தடை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எல்லோரையும் உள்ளடக்கிய கல்வியைக் கடமையாக்கியுள்ளது. சட்டம் சொன்னதை ஆய்வக மேசையில் எப்படிச் செய்வது?

இங்கே நறுமண வேதியியல் உதவுகிறது. வெங்காயம், வெனிலா, கிராம்பு எண்ணெய் ஆகியவை மணம் சார்ந்த காட்டிகள். பத்தாம் வகுப்பு அறிவியலில் இடம்பெறும் செய்திதான். கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலும், வெனிலாவின் வனிலினும் பீனால் வகையைச் சேர்ந்தவை. காரத்தோடு சேரும்போது இவை உப்பாக மாறி ஆவியாகாமல் போகும், மணம் மறையும். அமிலம் சேர்த்தால் மணம் திரும்பும். காரக் கரைசலில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போனால், மணம் எழும் தருணமே முடிவுநிலை. கண்ணுக்குப் பதிலாக மூக்கு வேலை செய்கிறது. பிரெய்ல் குறியிட்ட புட்டிகள், அளவைக் குரலில் சொல்லும் கருவிகள், அளவு குறிப்பிட்டு வெட்டுக் கொடுத்த ஊசிக்குழாய்கள் ஆகியவையும் சேர்ந்தால் பார்வையற்ற மாணவர் தாமே சோதனையைச் செய்து முடிக்கலாம்.

யூஜினாலும் வனிலினும் வாசனைத் தொழிலின் அன்றாடப் பொருள்கள். அழகுக்காகவும் மணத்துக்காகவும் ஆராயப்பட்டவை, ஆய்வகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை உள்ளே அழைக்கும் கருவிகளாகவும் ஆகின்றன.

முடிவாக

கமலாவுக்கு விதித்த நிபந்தனைகளைப் படிக்கும்போது இன்று நமக்கு வியப்பாக இருக்கிறது. 1933-இல் அவை பலருக்கு இயல்பாகத் தோன்றின. நிறம் தெரியாதவருக்கு வேதியியல் எதற்கு என்ற கேள்வியும் இன்று சிலருக்கு இயல்பாகத் தோன்றுகிறது. சந்தனத்தை வடிக்க ஒரு முறையும் மல்லிகையைப் பிரிக்க வேறொரு முறையும் கண்டது வேதியியல். பொருளுக்கு ஏற்ப முறையை மாற்றத் தெரிந்த துறைக்கு, மாணவருக்கு ஏற்ப முறையை மாற்றுவது இயலாத செயல் ஆகாது.